செம்புத் தகடு

கிட்டார்க்காரிக்குப் பயம் என்பது பிறக்கும்போதே கூடப் பிறந்த ஒன்று. லிஃப்டில் ஏறமாட்டாள். அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காற்றில் ஒரு கதவு அடித்தால் போதும், தூக்கிவாரிப் போடும். அவள் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினால், பிரேக் தன் காலடியில் இருக்கிறதா அவள் காலடியில் இருக்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படி மிதிப்பாள். "தொடைநடுங்கி" என்று அவர் விளையாட்டாக வைத்த பெயர் சொந்தபந்தம் முழுக்கப் பரவி, கடைசியில் யார் வைத்தது என்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் மரத்தைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள். வீட்டின் பின்கட்டில் நீளவாக்கில் ஓர் அறை, அதுதான் பட்டறை. சுவரெல்லாம் இடுக்கிகள், உளிகள், இழைப்புளிகள். விரலுக்கு ஒரு நூல் தள்ளி ரம்பப் பல் ஓடும்போதும் அவள் கண் இமைக்காது. அவள் செய்த கிட்டார்களை வாங்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். வந்தவர்கள், பின்பக்கம் எங்காவது பூனை குதித்தால் அலறுகிற இந்த அம்மாவா இதைச் செய்தது என்று யோசித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

கணவரின் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், பாடகி. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே இசைத்துத் தானே பாடுகிறவள். அவள் பாட்டை வழியில் யாராவது முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கேட்கலாம்; அந்த அளவுக்குப் பெயர் எடுத்திருந்தாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சே கிடையாது என்பதுதான் உண்மை. வீட்டிலேயே கிட்டார் செய்கிற அண்ணி இருக்க, நாத்தனார் இத்தனை வருஷமும் கப்பலில் வந்த கிட்டாரைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். இவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் நாத்தனார் பட்டறை வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோலச் சற்று நின்றுவிட்டு, "அண்ணி, எனக்கு ஒரு கிட்டார் செஞ்சு தரணும்" என்றாள்.

"உனக்கா?"

"எனக்குத்தான். மைக்கே இல்லாம ரூம்ல வாசிச்சாலும் நிறையணும். பெரிய மேடையில ஒயரைச் சொருகினாலும் அதே சத்தம் வரணும், டப்பா சத்தம் வரக்கூடாது. கழுத்து என் கைக்கு அடங்கணும். அப்புறம், பக்கத்துல ஓட்டை போட்டு பட்டன் பொட்டி வைக்காதீங்க. நல்ல மரத்தை வெட்டி ஜன்னல் வச்ச மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது."

கிட்டார்க்காரி தலையாட்டினாள். நாத்தனார் போனபிறகுதான் அவள் யோசித்தாள். மற்றவர்களுக்குச் செய்வது கெட்டுப்போனால் மரத்தோடு போகும். இது கெட்டுப்போனால் உறவோடு போகும்.

அதனால் இருப்பதிலேயே நல்ல மரத்தை எடுத்தாள். முகப்புக்கு ஸ்ப்ரூஸ் பலகை. காதோடு வைத்து விரல்முட்டியால் தட்டினால், தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்கிற பலகை. பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம். விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி. முகப்பை இழைத்து இழைத்து, இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் மூச்சுவிடுவதுபோல் வளைகிற மெல்லிசுக்குக் கொண்டுவந்தாள். தடிமனாக விட்டால் ஊமையாகிவிடும். ஒரு சீவல் கூடுதலாகப் போனால், ஆறு கம்பியும் ஒரு முழு ஆளின் எடையில் இழுக்கும்போது உள்ளே அமுங்கிவிடும். உள்பக்கம் விலா எலும்புபோல் குறுக்குச் சட்டங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் நுனியையும் உளியால் சீவிச் சீவித் தட்டிப் பார்த்தாள்.

ஈட்டிப் பட்டையை நனைத்துச் சூடான குழாய்மேல் வைத்து இடுப்பு வளைவுக்கு வளைத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. விரிசல் விட்டுவிட்டது என்று நினைத்துப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. குழாய்தான் சூட்டில் முனகியிருக்கிறது. அதன்பிறகு அவள் வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தாள். மரத்திடம் அவள் பயந்தது அதுவே முதல் தடவை.

முதல்முதலாகக் கம்பி கட்டிய அன்று கணவர் பட்டறைக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கிட்டாருக்குக் கம்பி கட்டுறியா, குண்டுக்குத் திரி கட்டுறியா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"பேசாம இருங்க. கடைசிக் கம்பி."

கடைசிக் கம்பியும் ஏறியது. முகப்பு ஒரு மயிரிழை எழும்பி, அப்படியே நின்றது. அவள் வெறும் கம்பிகளை ஒருதடவை வருடிவிட்டாள். பட்டறையில் தொங்கிய மற்ற கிட்டார்களும் அதோடு சேர்ந்து மெல்ல முனகின. கணவர் கிண்டல் செய்யவில்லை. "என் தங்கச்சிக்கு இது அதிகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மின்சார வேலையையும் அவளே செய்தாள். கம்பிகள் ஏறி உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் நூல் கனத்தில் ஒரு பிக்கப் பட்டையைப் பதித்தாள். உள்ளே, முகப்பின் அடிப்பக்கம் ஒரு குட்டி மைக். அது மரத்தின் சத்தத்தை எடுக்கும். பட்டை கம்பியின் சத்தத்தை எடுக்கும். இரண்டையும் வேண்டிய அளவில் கலக்கிற சக்கரங்களை ஒலித்துளையின் உதட்டுக்கு உள்பக்கமாக, கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் மறைத்துவைத்தாள். பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

நாத்தனார் வந்து வாசித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வாசித்தாள். பிறகு ஒயரை ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சொருகி வாசித்தாள். "எல்லாம் நல்லாருக்கு அண்ணி" என்றவள், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். "ஆனா உள்ள ஒரு கொசு இருக்கு. கேக்குதா? நான் வாசிக்காதப்ப ஙொய்னு ஒரு சத்தம்."

இருந்தது. மெல்லிய ஹம். மின்சாரம் ஓடுகிற எந்த அறையிலும் ஒயர்களைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கிற சத்தம். அதற்கு வழி உண்டு. கம்பிகளின் குண்டு முனைகள் உள்ளே போய் மாட்டுகிற இடத்தில் மெல்லிசான ஒரு செம்புத் தகட்டை வைத்து, அதிலிருந்து ஓர் ஒயரை எடுத்து, வெளி ஒயர் வந்து சொருகுகிற துளையின் எர்த்தோடு சேர்த்துவிட்டால் போதும். வாசிக்கிறவர் விரல் கம்பியில் பட்டதுமே ஹம் அடங்கிவிடும். கிட்டார்க்காரி அதைச் செய்தாள். கை மட்டும் நுழைகிற துளை வழியாகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, முழங்கை சிராய்க்க, தகட்டைப் பொருத்தினாள்.

கொசு போய்விட்டது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இப்பதான் அண்ணி சுத்தமா இருக்கு" என்று சொல்லி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கச்சேரிக்கு அண்ணியும் அரங்கத்துக்கு வரவேண்டும் என்று சொன்னது நாத்தனார்தான். புதுக் கிட்டார், மேடை வெளிச்சத்தின் சூட்டில் கழுத்து கொஞ்சம் அசையும், பக்கத்தில் ஆள் இருந்தால் தைரியம் என்றாள். மதியமே இரண்டு பேரும் ஒத்திகைக்குப் போய்விட்டார்கள். கணவர் இறக்கிவிட்டுவிட்டுச் சவாரிக்குப் போனார்.

பெரிய அரங்கம். காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. மேடையில் ஒயர்கள் பின்னிக் கிடந்தன. சவுண்ட்காரர் நடுத்தர வயசு, தணிந்த பேச்சுக்காரர், ஒவ்வொரு ஒயருக்கும் பெயர் எழுதி ஒட்டிவைத்திருக்கிற ஆள். அன்றைக்குப் பார்த்து அவருடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி கெட்டுப்போய், வேறெங்கோ இருந்து வாடகைக்கு ஒன்று வந்திருந்தது. பழைய பெட்டி, ஆனால் நல்ல சத்தம். கிட்டாரின் ஒயர் அதில்தான் சொருகியிருந்தது.

நாத்தனார் ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடினாள். சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு?" என்றார் சவுண்ட்காரர் கீழிருந்து.

"ஒண்ணுமில்லண்ணே. மைக் உதட்டுல கடிக்குது. எறும்பு மாதிரி."

"பழைய மேடைல அப்பப்ப வரும்மா. பஞ்சு உறை போட்டுத் தரேன், உதடு படாது. ஒத்திகை முடிஞ்சதும் என்னன்னு பாத்துடலாம்."

எறும்பு என்ற சொல்லைக் கேட்டதும் கிட்டார்க்காரியின் கண் நாத்தனாரின் இடது கைக்குப் போனது. அந்தக் கை கம்பிகளின்மேல் இருந்தது. கம்பிகளுக்கு அடியில் தகடு. தகட்டிலிருந்து ஒயர். ஒயர் போய்ச் சேருவது அந்தப் பெட்டியில்.

அவள் மேடையேறினாள். "கொஞ்சம் கழட்டிக் குடும்மா" என்று கிட்டாரை வாங்கி ஸ்டூல்மேல் சாய்த்துவைத்தாள். ஒரு கையின் புறங்கையால் மைக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு, அதே கையின் சுண்டுவிரலை நீட்டி நுனி நகத்தோரத்தால் கிட்டார் கம்பியைத் தொட்டாள். வெடுக்கென்று ஏதோ கடித்தது. கையை உதறிக்கொண்டாள். எறும்பில்லை. எறும்பு இப்படி எலும்புக்குள் கடிக்காது.

"இதை வாசிக்க வேண்டாம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வாசிக்காதம்மா. கரண்ட் வருது."

"லேசாத்தானே அண்ணி?"

"லேசா இல்ல."

நாத்தனார் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. பல வருஷமாகப் பழகிப்போன சிரிப்பு. "நீங்க லிஃப்டுக்கே பயப்படுவீங்க. ரெண்டு பாட்டுதான், சத்தம் சரியான்னு பாத்துட்டு இறங்கிடறேன். அப்புறம் சவுண்ட் அண்ணன் பாப்பாரு."

சவுண்ட்காரர் உறையை மாட்டிக்கொண்டே, "ரெண்டே நிமிஷம்மா. முடிச்சதும் எல்லாத்தையும் கழட்டிப் பாத்துடறேன்" என்றார்.

அவள் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கிட்டாரைக் கொடுக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து, அந்தப் பயமெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று பிறர் சொல்லச் சொல்ல, அவளுக்கே தன் பயத்தின்மேல் மரியாதை இல்லாமல் போயிருந்தது. இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள் கீழே இறங்கவில்லை. அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

முதல் பாட்டு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது பாட்டில் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். "உறை போட்டா கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே உறையை உருவிக் கீழே போட்டாள். மைக் கம்பம் தள்ளி நின்றது. அதை உதட்டோடு சேர்த்து இழுக்க வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். இடது கை அப்போதும் கம்பிகளை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஒலிபெருக்கியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. நாத்தனாரின் முதுகு வில்லாக வளைந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பல் கிட்டிக்கொள்வதும் கழுத்து நரம்புகள் புடைப்பதும் தெரிந்தன. இரண்டு கையும் விடவில்லை. விட முடியவில்லை.

விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த யாரோ தூரத்தில் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். சவுண்ட்காரர் தலையைக் குனிந்து, உறுமலை அடக்கப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அரங்கத்தில் நடப்பது இன்னதென்று தெரிந்தவள் ஒருத்திதான். அவளுக்குக் கால் நகரவில்லை.

கத்த வேண்டும் என்று தெரிகிறது, கத்த வரவில்லை. தொடக்கூடாது, தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வோம் என்று தெரிகிறது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிளக் எங்கே இருக்கிறது, அந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னால், எந்த ஒயர், ஆயிரம் ஒயர். நாத்தனாரின் கண்கள் அவளையே பார்த்தன. அந்தப் பார்வையில் அப்படி ஒரு பயம். அவள் தன் பயத்தை மட்டுமே அறிந்தவள். இன்னொருவர் பயத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்போதுதான்.

கையில் ஏதோ தட்டுப்பட்டது. மர ஸ்டூல். காய்ந்த மரம். அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மைக் கம்பத்தை வீசி அடித்தாள்.

கம்பம் நாத்தனாரின் கையிலிருந்து தெறித்துப் போய் மேடைக்குக் கீழே விழுந்தது. நாத்தனார் வெட்டிய மரம்போல முன்பக்கமாகச் சாய்ந்தாள். அவள் எடை முழுக்கக் கிட்டாரின்மேல் இறங்கியது. ஸ்ப்ரூஸ் முகப்பு உடைகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. பிறகுதான் கிட்டார்க்காரிக்குக் குரல் வந்தது.

"கரண்டை நிறுத்துங்க. தொடாதீங்க, மொதல்ல கரண்டை நிறுத்துங்க."

சவுண்ட்காரர் மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். மேடை இருண்டது, கதவிடுக்கு வழியே வந்த பகல் வெளிச்சம் மட்டும்தான். இரண்டு பேருமாகத் தோளில் மாட்டியிருந்த வாரை அறுத்துக் கிட்டாரை ஒதுக்கி, நாத்தனாரை மல்லாத்தினார்கள். மூச்சு இல்லை. சவுண்ட்காரர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்த ஆரம்பித்தார். விளக்குக்காரர்களில் ஒருவர் ஆம்புலன்சைக் கூப்பிடுவது எங்கோ கேட்டது.

கிட்டார்க்காரி நாத்தனாரின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையின் மூன்று விரல் நுனிகளில் கம்பி பதிந்த இடம் கறுப்புக் கோடாக இருந்தது. உதட்டோரம் வெந்திருந்தது. "வாம்மா, வாம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அது அவளுக்கு நினைவில்லை, பிறகு மற்றவர்கள் சொன்னது. அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் சவுண்ட்காரரின் நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாகத் தன் கைமேல் விழுந்ததும், தன் தகடு, தன் தகடு என்று தலைக்குள் ஒன்று அடித்துக்கொண்டே இருந்ததும்தான்.

ஒரு விக்கல் வந்தது. பிறகு இன்னொன்று. நாத்தனார் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவளைப்போல இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

மருத்துவமனை வராந்தாவில் கணவர் ஓடிவந்தபோது அவள் சுவரோரம் குத்தவைத்திருந்தாள். உள்ளே நாத்தனாரின் இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, பொறுத்துத்தான் சொல்லமுடியும் என்றிருந்தார்கள். கணவர் கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தார். திரும்பி இவளைப் பார்த்தார்.

"கரண்ட் எதுலேருந்து வந்துச்சு?"

"கிட்டார்லேருந்து."

"நீ செஞ்ச கிட்டார்லேருந்தா?"

"ஆமா."

அவர் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். இத்தனை வருஷமும் அவளைத் தொடைநடுங்கி என்று கூப்பிட்டுக் கேலி பண்ணிய மனுஷன், ஒரு சொல் பேசாமல் முதுகைக் காட்டி நிற்கிறார். திட்டினாலாவது தேவலாம். அவருக்கு இருப்பது ஒரே தங்கை.

சவுண்ட்காரர் வந்தது சாயங்காலம். உள்ளே நிலைமை என்ன என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்துக் காட்டினார். ஒயரோடு வெட்டி எடுத்து வந்திருந்தார். மூன்று முள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எர்த் முள்ளை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

"வாடகைப் பொட்டி. எத்தனை கை மாறிச்சோ. உள்ள ஒரு ஒயர் தோல் உரிஞ்சு தகரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இந்த முள் இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். இல்லாததால பொட்டி பூரா கரண்ட், அப்படியே கிட்டார் கம்பிக்கு வந்துடுச்சு." அவர் பிளக்கை உள்ளங்கையில் உருட்டினார். "யாரோ ஹம் வருதுன்னு அறுத்திருக்காங்கம்மா. அறுத்தா சத்தம் அடங்கிடும். நான் வந்ததுமே பாத்திருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னது என் வாய்தான்."

கிட்டார்க்காரி அந்தப் பிளக்கை வாங்கிப் பார்த்தாள். முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில், ஒரு கொசுவை அடிக்க நினைத்திருக்கிறார். இங்கே இவளும் அதே கொசுவைத்தான் அடித்தாள்.

"நான் வச்ச தகடு இல்லன்னா கம்பிக்கு வந்திருக்காது" என்றாள்.

"வந்திருக்காது" என்றார் சவுண்ட்காரர். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

எப்போது வந்தாரோ, கணவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிளக்கை அவள் கையிலிருந்து வாங்கி, அறுபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஸ்டூலால அடிச்சது யாரு?" என்று சவுண்ட்காரரைக் கேட்டார்.

"இவங்கதான். எங்க யாருக்கும் என்ன நடக்குதுன்னே புரியல."

கணவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இப்போது முதுகைக் காட்டவில்லை.

மறுநாள் நாத்தனாரின் துடிப்பு சீரானது. பார்க்கலாம் என்றார்கள். கட்டுப் போட்ட கை தலையணைமேல் கிடந்தது. உதடு வீங்கிப் பேச்சு குழறியது.

"நீங்க சொன்னீங்க அண்ணி. நான்தான் கேக்கல."

"சொன்னேன். விடாம சொல்லல." கிட்டார்க்காரி கட்டிலின் கம்பியைப் பிடிக்கப் போய், இரும்பு என்று உணர்ந்து கையை இழுத்துக்கொண்டாள். "உள்ள ஒரு தகடு வச்சேன்ல, கொசு சத்தத்துக்கு. அது வழியாத்தான் உன் கைக்கு வந்துச்சு."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்படுகிறாளா, தூங்கிவிட்டாளா தெரியவில்லை. கடைசியில், "எனக்கு எல்லாம் தெரிஞ்சுது அண்ணி. கையை விடணும்னு தெரிஞ்சுது. கைதான் கேக்கல" என்றாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கிட்டார்க்காரி அதைத் துடைத்துவிட்டாள்.

விரல்கள் ஆற வெகுகாலம் ஆயிற்று. விரல் ஆறியும் பயம் ஆறவில்லை. சுவிட்சைப் போடச் சொன்னால் நாத்தனார் முழங்கையால் போட்டாள். ஒயரில்லாத மைக்கைக்கூடக் கையில் வாங்கமாட்டாள். வருகிற அழைப்புகளையெல்லாம் தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழித்தாள். பகல் பொழுதுகளில் பட்டறைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அண்ணியிடம் பேச இப்போது விஷயம் இருந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது, எது எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். இவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்வாள். பயந்தவளுக்குப் பயந்தவள் துணை என்று கணவர் ஒருதடவை ஆரம்பித்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

உடைந்த கிட்டார் மேசைமேல் கிடந்தது. பின்புறமும் பக்கங்களும் தப்பித்திருந்தன. கிட்டார்க்காரி கத்தியைச் சூடாக்கி, ஒட்டு விட்ட இடமாகப் பார்த்து விளிம்பைச் சுற்றி நெகிழ்த்தி, நொறுங்கிய முகப்பைக் கழற்றினாள். செம்புத் தகடு வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் குறட்டால் பிடுங்குவதை நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா தகடு வைப்பீங்களா?"

"நீ சொல்லு. வைக்காட்டி கொசு இருக்கும்."

நாத்தனார் யோசித்தாள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

பிறகு வேறொரு நாள் அவளே, "கொசுவும் இல்லாம, கடிக்கவும் கடிக்காம வழி இல்லையா?" என்று கேட்டாள். இருந்தது. தகட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு சின்னப் பாகங்களைக் கோத்துவிட்டால், ஹம்மை விழுங்கும். ஆனால் எங்கிருந்தாவது கரண்ட் தப்பி வந்தால், ஆளைப் பிடிக்கிற அளவுக்கு உள்ளே விடாது. கிட்டார்க்காரி அதைச் செய்தாள். புது முகப்பை இழைத்து ஒட்டினாள். இந்த முறை கம்பி கட்டும்போது நாத்தனார் பக்கத்திலேயே நின்றாள், காதைப் பொத்திக்கொண்டு.

முதலில் ஒப்புக்கொண்டது ஒரு சின்னக் கச்சேரி. ஜன்னல்கள் உள்ள ஒரு கூடம், முற்பகல் நேரம், நூறு நாற்காலிகூட இருக்காது. அதே சவுண்ட்காரர். கரண்ட் கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடுகிற ஒரு சுவிட்சை மேடைக்கென்று வைத்திருந்தார். கணவர் வாங்கிக் கொடுத்த, கரண்ட் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு கிட்டார்க்காரி ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தாள். மூன்று முள்ளும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கிலும் வைத்து நாத்தனாரிடம் காட்டினாள். பூஜ்யம். பெட்டியை அணைத்துப் போட்டு மறுபடி காட்டினாள். பூஜ்யம்.

நாத்தனார் மேடைக்குப் பக்கத்துத் திரையோரம் நின்றாள். வெளியே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மீட்டருக்குப் பயம் கிடையாதே அண்ணி" என்றாள் மெதுவாக. "நீங்க தொடுங்க."

கிட்டார்க்காரி மேடைக்கு நடந்தாள். இவள் யார் என்று ஆட்கள் பார்த்தார்கள். கிட்டாரை எடுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தானே சோதித்தவள். ஒவ்வொரு பற்றவைப்பையும் அறிந்தவள். அப்படியும் உடம்பிலுள்ள ஒவ்வொரு மயிரும் வேண்டாம் வேண்டாம் என்றது. இடது கை விரல்களை ஆறு கம்பிகள்மேலும் அழுத்தி வைத்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். வலது கையை நீட்டி, மைக்கின் வெறும் உலோகத்தை முழு உள்ளங்கையாலும் பிடித்தாள்.

குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். அவள் பிடித்தது பிடித்தபடி நின்றாள், நாத்தனார் திரையை விட்டு வெளியே வரும்வரை.

நாத்தனார் கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டாள். முதல் சுருதி தப்பியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, உதடு மைக்கைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே பாடினாள். ஆனால் பாடினாள். புது முகப்பு அந்தக் கூடத்தை மெல்ல மெல்ல நிறைத்தது.

கிட்டார்க்காரி திரைக்குப் பின்னால் போய் அந்தச் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, நாத்தனார் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கும்வரை கையை எடுக்கவில்லை.